ஒண்டிக்கட்டையும் பூரிக்கட்டையும்

1

டெலிவிஷனைப் பற்றி எழுதுவது சிறுபத்திரிகைக்குத் தீட்டு என்று ஓர் அபிப்ராயம் நம்மிடையே இருக்கிறது. எழுத நேர்ந்தாலும் 'ஜனரஞ்சகக் குப்பை' என்று ஒரு வாக்கியத்தில் தள்ளிவிட்டு மௌனிக்கோ காஃப்காவுக்கோ போய்விட வேண்டும். இந்தச் சௌகரியமான அருவருப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. குப்பை என்று சொன்னால் போதாது. அதில் என்ன கிடக்கிறது, எந்த வீட்டிலிருந்து வந்து விழுந்தது என்று கிளறிப் பார்க்க வேண்டும். கிளறினால் அதில் பாதி நம் வீட்டுக் குப்பை என்று தெரியவரும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விஷயம் இது: டெலிவிஷன் ஹாஸ்யத் தொடர்களில் கல்யாணம் ஆனவனும் ஆகாதவனும் எப்படி வருகிறார்கள்? ஆனவன் பூரிக்கட்டைக்குப் பயந்தவன். ஆகாதவன் ஒண்டிக்கட்டை. நம் நகைச்சுவைக்கு இந்த இரண்டு கட்டைகளைத் தாண்டி மூன்றாவது கிடையாது. பெண்களுக்கு அதுவும் இல்லை. கல்யாணமானவள் பூரிக்கட்டையின் கைப்பிடி. ஆகாதவள் தரகரின் பையில் இருக்கும் ஒரு ஜாதகம்.

2

1975 ஆகஸ்ட் 15ல் சென்னையில் ஒளிபரப்புத் தொடங்கியபோது மதுரை, திண்டுக்கல் பக்கத்து ஜனங்களுக்கு அது பத்திரிகைச் செய்தி மட்டுமே. 1982ல் இலங்கையில் ரூபவாஹினி வந்தது. மொட்டைமாடியில் உயரமான குழாய் நட்டு, பூஸ்டர் வைத்து, மழைத்தாரை போல ஓடும் பிம்பத்தைத் தென்மாவட்டத்து ஜனங்கள் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு கொடைக்கானலில், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே, தூர்தர்ஷனின் உயர்சக்திக் கோபுரம் எழுந்தது. ஆன்டெனாக்கள் எல்லாம் இலங்கையை விட்டுவிட்டுப் பழனி மலைத்தொடரைப் பார்க்கத் திரும்பின. மலையைப் பார்த்துக் கும்பிட்டு நிற்பது இந்த ஊர்களுக்குப் புதிய பழக்கம் அல்ல. மேலிருந்து இறங்கி வந்த அருள்தான் வேறு மாதிரி இருந்தது.

இறங்கியது குடும்பம். 1984ல் தேசிய ஒளிபரப்பில் வந்த 'ஹம் லோக்' குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரத்தை மனதில் வைத்து, மெக்ஸிகோ தொடர்களை மாதிரியாகக் கொண்டு உருவாக்கப்பட்டது. இடையில் நூடுல்ஸ் விளம்பரம். அரசுக்கும் வியாபாரிக்கும் ஒரே சமயத்தில் தேவைப்பட்ட அலகு குடும்பம்தான் என்பது முதல் தொடரிலேயே தீர்மானமாகிவிட்டது. அதே வருஷம் 'யே ஜோ ஹை ஜிந்தகி'. சரத் ஜோஷி எழுதியது, நல்ல ஹாஸ்யம், ஹிந்தி தெரியாத நம் ஊர்களிலும் பார்த்தார்கள். அதில் ஒரு தம்பதி. அவர்கள் வீட்டில் மனைவியின் தம்பி: கல்யாணம் ஆகாதவன், வேலையும் இல்லாதவன். இந்த இரண்டு இல்லாமையும் ஒன்றுதான் என்பது போல அந்தப் பாத்திரம் அமைந்திருக்கிறது. மணமாகாதவன் என்றால் பிறர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பவன். பத்து வருஷம் கழித்து அமெரிக்காவில் தொடங்கிய 'ஃப்ரண்ட்ஸ்' தொடரிலும் ஜோயி என்பவன் எதிர்வீட்டு ஃப்ரிட்ஜைத்தான் திறந்துகொண்டிருக்கிறான்.

தமிழில் கதை சபாவிலிருந்து தொடங்குகிறது. எழுபதுகளில் சோ, மௌலி, எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் என்று வளர்ந்த துணுக்குத்தோரண நாடகம்தான் டெலிவிஷன் ஹாஸ்யத்துக்கு வயலும் விதையும். கிரேஸி மோகனின் 'மேரேஜ் மேட் இன் சலூன்' 1983ல் பாலசந்தர் கையில் 'பொய்க்கால் குதிரை' ஆயிற்று. மோகனின் வார்த்தை விளையாட்டு அபூர்வமானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த விளையாட்டு நடக்கிற மைதானத்தின் எல்லைக்கோடு கல்யாணம். ஒன்று, கல்யாணத்துக்காக ஆள்மாறாட்டம். அல்லது கல்யாணத்திலிருந்து தப்பிக்க ஆள்மாறாட்டம்.

1993ல் தனியார் சானல் வந்தது. தொடர்களின் தலைப்புகளை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள்: 'சித்தி', 'அண்ணி', 'மெட்டி ஒலி', 'நாதஸ்வரம்', 'திருமதி செல்வம்'. ஒன்று உறவுமுறை, அல்லது கல்யாணத்தின் தட்டுமுட்டு. கடைசித் தலைப்பில் பெண்ணின் பெயரே மறைந்துவிட்டது. வங்கியில் பெண்கள் கணக்குத் தொடங்க வந்தால் 'தந்தை அல்லது கணவர் பெயர்' என்று படிவம் கேட்கிறது. அந்தப் படிவத்தை நிரப்பி வாங்குவது என் பிழைப்பு. தொடர்களின் தலைப்புகள் அந்தக் கட்டத்தைப் பூர்த்தி செய்துகொண்டு வருகின்றன.

இவை அழுகைத் தொடர்கள், ஹாஸ்யம் அல்ல என்று ஆட்சேபிக்கலாம். ஆனால் ஹாஸ்யத் தொடர் இதே வீட்டின் பின்கட்டு. முன்கட்டில் மாமியார் மருமகளுக்கு விஷம் வைத்தால் அது ஸீரியல். பின்கட்டில் பேதி மாத்திரை வைத்தால் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'. வீடு ஒன்று, வாடகை வாங்குகிறவனும் ஒருவன்.

விதிவிலக்கு என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். நாகா இயக்கி, பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த 'ரமணி வெர்ஸஸ் ரமணி'. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பெயர். மாமியாரைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு சமமான வாய்களை எதிரெதிரே உட்கார வைத்தது பெரிய காரியம். தமிழ் டெலிவிஷனில் ஒரு பெண் வாதத்தில் ஜெயித்ததைப் பார்த்து ஆண்களும் சிரித்தார்கள். ஆனாலும் அரைமணி நேரம் முடிந்ததும் இரண்டு ரமணிகளும் தொடங்கின இடத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் வேறொரு சண்டை. முந்தின வாரத்துத் தழும்பு எங்கும் இல்லை.

இந்தத் தழும்பின்மைதான் என் பிரச்னை.

3

ஹாஸ்யத் தொடரின் உருவ விதி ஒன்று உண்டு: எது நடந்தாலும் கடைசியில் எதுவும் நடக்காதது போல ஆக வேண்டும். அடுத்த வாரம் புதிதாகப் பார்க்க உட்காருகிறவனுக்கும் புரிய வேண்டும். ஆகவே பாத்திரங்களுக்கு ஞாபகம் இருக்கக்கூடாது. பலசரக்குக்கடைப் பலகையில் விலையை அழித்து எழுதுவது போல, ஒவ்வொரு வாரமும் அவர்களை அழித்து எழுதுகிறார்கள்.

கல்யாணம் என்பதோ ஞாபகத்தால் ஆன விஷயம். பத்து வருஷத்துக்கு முன் மாமனார் வீட்டு விசேஷத்தில் சொன்ன ஒரு வார்த்தை, பிரசவத்தின்போது வராமல் போன ஒரு நாள், கடன் வாங்கின காலத்தில் கழற்றிக் கொடுத்த வளையல். இவையெல்லாம் சேர்ந்து படிந்து, ஒரு நாள் சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொன்னதற்கு எதிரில் இருப்பவள் அழுகிறாள் என்றால், அந்த அழுகைக்குப் பின்னால் பத்து வருஷம் நிற்கிறது. தொடரில் உப்பு மட்டும் இருக்கிறது. பத்து வருஷத்தைக் கழித்துவிட்டு உப்பைக் காட்டினால் அழுகிறவள் கோமாளியாகத்தான் தெரிவாள். 'பெண்டாட்டி என்றால் தொணதொணப்பு' என்ற ஜோக்கின் ரகசியம் இவ்வளவே. காரணத்தை வெட்டி எறிந்துவிட்டுக் காரியத்தைக் காட்டுவது.

இது தமிழ்க் குறைபாடு அல்ல, உருவத்தின் குறைபாடு என்பதற்கு அமெரிக்கச் சாட்சி இருக்கிறது. 1970ல் தொடங்கிய மேரி டைலர் மூர் தொடரில் கதாநாயகியை முதலில் விவாகரத்து ஆனவளாக யோசித்தார்கள். கம்பெனி ஒப்பவில்லை. நிச்சயம் முறிந்தவள் என்று மாற்றினார்கள். தனியாக இருக்கிற பெண்ணைக் காட்டுவதற்கே ஒரு சமாதானம் தேவைப்பட்டது. அதிலிருந்து பிரிந்து வந்த தொடர் 'ரோடா'. 1974ல் ரோடாவுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். தேசமே உட்கார்ந்து பார்த்தது. அப்புறம் எழுதுகிறவர்களுக்குக் கை ஓடவில்லை. சந்தோஷமாக இருக்கிற தம்பதியை வைத்துக்கொண்டு வாராவாரம் என்ன செய்வது? மூன்றாவது வருஷம் பிரித்து விட்டார்கள். அவர்கள் கற்பனையில் கல்யாணத்துக்கு இரண்டே நிலைதான்: சண்டை, அல்லது கதையின்மை.

தனியாக இருப்பதற்கும் இதே கதிதான். 'ஃப்ரண்ட்ஸ்' பத்து வருஷம் ஓடிற்று. நகரத்தில் தனியாக இருக்கிற இளைஞர்களின் கொண்டாட்டம் என்று பேர். 2004ல் முடிக்கும்போது ஆறு பேரில் ஐந்து பேரை ஜோடி சேர்த்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஜோயிக்கு வேறொரு தொடரில் இடம் பார்த்துக் கொடுத்தார்கள், கடைசிவரை கல்யாணமாகாத பிள்ளைக்குத் தனியாகப் பங்கு பிரித்துக் கொடுத்து அனுப்புவது போல. அந்தப் பத்து வருஷமும் வாழ்க்கை இல்லை, ரயில் வருகிறவரை உட்கார்ந்திருந்த காத்திருப்பு அறை என்பதுதான் முடிவின் அர்த்தம்.

4

இங்கே நண்பர் ஒருவரின் வாதத்தைச் சந்திக்க வேண்டும். "கல்யாணத்தைக் கேலி செய்கிறார்களே, அது ஒரு கலகம் இல்லையா? புனிதத்தை உடைக்கிறார்கள் அல்லவா?" என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்தக் கணவனாவது இந்த ஜோக்கைக் கேட்டுவிட்டு வீட்டில் ஒரு பாத்திரத்தைக் கழுவி வைத்திருக்கிறானா? இந்தக் கேலி மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் போடும் மை. சக்கரம் கிறீச்சிடாமல் அதே தடத்தில் போவதற்காகப் போடப்படுகிறது. 'எல்லார் வீட்டிலும் இப்படித்தான்' என்று சொல்லிச் சிரிக்க வைத்தால், என் வீட்டில் ஏன் இப்படி என்ற கேள்வி எழாது. 'நீ அதிர்ஷ்டக்காரன்டா, மாட்டிக்கொள்ளவில்லை' என்று கணவன் ஒண்டிக்கட்டையின் முதுகில் தட்டுகிறான். அதே வாரம் அந்த ஒண்டிக்கட்டைக்குப் பெண் பார்க்க முதலில் கிளம்புகிறவனும் அவன்தான்.

கலகம் என்றால் விலை இருக்க வேண்டும். 1986ல் வந்த விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' மேடை நாடகத்தின் எல்லா அலங்கோலங்களும் கொண்ட படம். ஆனால் கடைசியில் மூத்த மருமகள், கூட்டுக்குடும்பம் ஒட்ட வேண்டாம், தள்ளியிருந்து பிரியமாக இருப்போம் என்று சொல்லி வீட்டை விட்டு நகர்கிறாள். அங்கே ஒன்று நடந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீடு பழைய வீடு அல்ல. வாரத் தொடரால் செய்ய முடியாதது அந்த ஒரு அடிதான்.

மொழியையே பாருங்கள். 'சம்சாரம்' என்றால் உலகத் தளை. நம் ஊரில் அதுவே மனைவிக்கும் பெயர். கணவனுக்கு அந்தப் பெயர் கிடையாது. புருஷனைப் பிரிந்தவளுக்கு 'வாழாவெட்டி' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். மனைவியைப் பிரிந்தவனுக்கு வார்த்தை தேடினால் அகராதி கை விரிக்கிறது. முப்பது தாண்டியவள் 'முதிர்கன்னி'. முப்பது தாண்டியவன் 'இன்னும் செட்டிலாகவில்லை'. ஹாஸ்யத் தொடர் இந்த வார்த்தைகளை உண்டாக்கவில்லை, வட்டிக்கு விட்டுப் பிழைக்கிறது.

5

நமக்கு வேறு மரபு இல்லையா என்றால், இருக்கிறது. நம்முடைய பழைய இலக்கியம் கல்யாணச் சண்டையை அற்பமாக நினைக்கவில்லை. அதற்கு ஊடல் என்று பெயரிட்டு, மருதம் என்ற நிலத்தையே எழுதி வைத்தது. 1,330 குறளும் எங்கே போய் முடிகின்றன? ஊடலுவகையில். அதற்கு முந்தின அதிகாரம் புலவி நுணுக்கம். அதை நான் தமிழின் முதல் 'சிச்சுவேஷன் காமெடி' என்பேன். புருஷன் தும்முகிறான். வாழ்த்துகிறாள். உடனே, யார் நினைத்ததால் தும்மினாய் என்று அழுகிறாள். சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் பயம் இருக்கிறது. பரத்தை வீட்டுக்குப் போய்வருவது ஆணுக்கு வழக்கமாக இருந்த ஒரு சமூகத்தில் அந்தக் கேள்வி வெறும் தொணதொணப்பு அல்ல. வள்ளுவர் காரணத்தை வெட்டவில்லை. ஆகவே அவள் கோமாளி ஆகவில்லை.

பழனியையே எடுத்துக்கொள்வோம். சங்க காலத்தில் பொதினி என்ற பெயரில் ஆவியர் ஆண்ட மலை. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். பாடப் புத்தகம் சொல்லாத பாதி இது: அவன் மனைவி கண்ணகியை (சிலம்புக் கண்ணகி அல்ல, வேறொருத்தி) விட்டுவிட்டு இன்னொருத்தியிடம் போய்விட்டான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நான்கு புலவர்கள் இது விஷயமாக அவனிடம் பேசுகிறார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டு. பொருள் கேட்டு வாழ்கிற புலவன், எனக்குப் பரிசில் வேண்டாம், இன்றிரவு தேரேறிப் போய் அவள் துயரத்தைத் தீர், அதுவே பரிசில் என்கிறான். மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு வீட்டில் இருப்பவளின் குளிர் தெரியவில்லை என்ற குத்தல் சொல்லாமலே கேட்கிறது. ஒரு தம்பதியின் பிரிவு, கொடை, வீரம், அரசு இவற்றோடு சமமாகப் புறத்திணையில் உட்கார்ந்திருக்கிறது. பொது விஷயமாக, வெட்கப்பட வேண்டிய விஷயமாக.

இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஐந்து பாட்டிலும் பேசுகிறவர்கள் ஆண்கள். கண்ணகிக்கு அழுகை இருக்கிறது, வாக்கியம் இல்லை. ஆனாலும் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பூரிக்கட்டையை அவள் கையில் யாரும் கொடுக்கவில்லை.

தனிமைக்கு இந்த மரபு என்ன செய்தது? இங்கே கணக்கு மோசம். ஐந்திணைக்கும் நிலம் உண்டு. ஒருதலையாக நிற்பவனின் கைக்கிளைக்கு நிலம் கிடையாது. அகத்தில் தனியாள் நிற்க ஒரு சாண் மண் இல்லை. பிற்காலத்துப் பக்திதான் அந்த மண்ணைக் கொடுத்தது. பழனியில் இருப்பவன் ஆண்டி. திருப்பரங்குன்றத்தில் கல்யாணக் கோலத்தில் இருக்கும் அதே கடவுள், இங்கே கையில் தண்டத்தோடு ஒற்றை ஆளாக நிற்கிறான். பிள்ளை வரம் கேட்டுத் தம்பதிகள் மொட்டை போட்டுக்கொண்டு நிற்பது அந்தத் தனியாளின் முன்னால்தான். தனிமையைக் குறையாக அல்ல, ஒரு முழுமையாகப் பார்க்கத் தமிழ் மனத்துக்கு முடிந்திருக்கிறது.

ஆணுக்கு மட்டும். பெண்ணுக்கு என்ன கிடைத்தது? ஔவை. கல்யாணத்திலிருந்து தப்பிக்க முதுமையை வரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்கிறது கதை. இளமையை விலையாக வைத்தால்தான் பெண்ணுக்குத் தனியாக நடக்க அனுமதி. 1953ல் வாசன் 'ஔவையார்' எடுத்தபோது அந்த வேஷத்துக்குப் பொருத்தமாகக் கிடைத்தவர் கே.பி. சுந்தராம்பாள்: 1933ல் கிட்டப்பா இறந்ததிலிருந்து வெள்ளையுடுத்தி வாழ்ந்த பெண். தனியான பெண் என்றால் கிழவி அல்லது விதவை அல்லது, 1974ல் 'அவள் ஒரு தொடர்கதை'யில் வருவது போல, குடும்பத்துக்காகத் தன்னை எரித்துக்கொள்ளும் மெழுகுவத்தி. இளமையோடு, தனக்காக, தனியாக, சிரித்துக்கொண்டு இருக்கிற பெண்? கோயிலிலும் இல்லை, சினிமாவிலும் இல்லை, டெலிவிஷனிலும் இல்லை.

கொடைக்கானலுக்கு வருகிற தொடர்களுக்கு மலையில் தெரிவது தேனிலவு மட்டும். ஏரியில் படகு, தூண்பாறையில் பனி, சால்வை. ஜோடி அல்லாதவர்களை அந்தக் காமிரா பார்ப்பதில்லை. காரட் வயலிலும் பூண்டு வயலிலும் குனிந்திருக்கிற ஜோடிகளையும் பார்ப்பதில்லை. பழனி மலையிலும் அதன் தெற்கேயுள்ள மலைகளிலும் வாழும் பளியர்களைப் பற்றி பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960களிலிருந்து எழுதியிருக்கிறார். அவர் பார்த்த பளியர்களிடம் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அதிகாரம் செய்வதில்லை. ஒத்துவராவிட்டால் அடிதடியின்றி விலகிப் போகிறார்கள், அதற்காக யாரும் யாரையும் இழிவாகப் பேசுவதில்லை. காட்டை இழந்து கூலிகளாகிப் போன அந்த ஜனங்களைச் சொர்க்கவாசிகள் ஆக்குவது அபத்தம். ஆனால் கல்யாணம் என்பது பூரிக்கட்டையும் ஒண்டிக்கட்டையும் மட்டும்தான், மனித சுபாவமே அப்படி என்று யாராவது சொன்னால், ஒளிபரப்புக் கோபுரம் நின்ற அதே மலையில் மறுப்பு இருக்கிறது.

இன்னொரு மறுப்பு வானாராய்ச்சி நிலையத்தில். 1907ல் அங்கே வந்த ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை 1909ல் கண்டு சொன்னார். அது இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. மனைவி மேரியும் வானியல் அறிந்தவர். சூரியனிலிருந்து எழும் பிழம்புகளைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதியதை அந்த நிலையம் வெளியிட்டது. நடுவில் அவர் தாந்தேயின் வானியலைப் பற்றி ஒரு புத்தகமும் போட்டார். கண்டுபிடிப்புக்குப் பெயர் அவருடையது மட்டும்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் இரண்டு பேர் ஒரே பொருளைப் பல வருஷம் உற்றுப் பார்ப்பதும் கல்யாணத்தின் ஒரு வகை. அரைமணி நேரத்தில் சிரிப்பொலி சேர்க்க இடமில்லாத வகை.

6

தொடர் என்ற வடிவம்தான் குற்றவாளி, வாராவாரம் எழுதினால் இப்படித்தான் ஆகும் என்று தப்பிக்க முடியாது. கொடைக்கானல் மலைப்பாதையின் அடிவாரத்தில் வத்தலக்குண்டு இருக்கிறது. அங்கே பிறந்த ராஜமையர் இருபது வயது தாண்டியதும் 'விவேக சிந்தாமணி'யில் மாதாமாதம் ஒரு தொடர் எழுதினார். 1893லிருந்து 1895வரை. 'கமலாம்பாள் சரித்திரம்'. தமிழின் ஆரம்ப நாவல்களில் ஒன்று, ஒரு கல்யாணத்தைப் பற்றியது. முத்துஸ்வாமி ஐயரும் கமலாம்பாளும் தனியறையில் கேலி பேசிக்கொள்கிறார்கள், பூசலிடுகிறார்கள். ஊர்ப் பெண்களின் வம்பு மடம் இருக்கிறது. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற ஹாஸ்யப் பாத்திரம் இருக்கிறது. ஜனங்கள் சிரித்துக்கொண்டே படித்தார்கள். ஆனால் அந்த வம்பு வெறும் சிரிப்பாக நின்றுவிடவில்லை. அது புருஷனின் மனதில் மனைவியைப் பற்றிய சந்தேகமாகப் போய் இறங்குகிறது, வீட்டை உடைக்கிறது. முன் மாதத்து ஹாஸ்யம் பின் மாதத்துத் துக்கத்துக்குக் காரணமாகிறது. கடைசிப் பகுதி வேதாந்தத்தில் கரைந்துவிடுகிறது என்ற குறையை நம் விமர்சகர்கள் சொல்லியாயிற்று, அது உண்மையும்கூட. என் அக்கறை வேறு: தொடருக்கு ஞாபகம் இருக்க முடியும் என்று நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் இளைஞன் காட்டிவிட்டான்.

அதே வத்தலக்குண்டைச் சொந்த ஊராகக் கொண்ட சி.சு. செல்லப்பா, 1959ல் 'எழுத்து' ஆரம்பித்து அதில் 'ஜீவனாம்சம்' எழுதினார். அதுவும் தொடர்தான், சிறுபத்திரிகைத் தொடர். புருஷனை இழந்த சாவித்திரி பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் நிற்கிறாள். கோர்ட்டில் நடப்பது ஜீவனாம்ச வழக்கு. அவள் மனதில் நடப்பது வேறு விசாரணை. தனித்து விடப்பட்டவளின் உள்ளத்தை இவ்வளவு பொறுமையாக, ஒரு சிரிப்போ ஒப்பாரியோ இல்லாமல் தொடர்ந்து போனவர் அதற்கு முன் தமிழில் யார்?

7

இப்போது நம் வீட்டுக் குப்பைக்கு வருகிறேன்.

டெலிவிஷன் கல்யாணமானவனைக் கோமாளி ஆக்குகிறது, ஒண்டிக்கட்டையைக் காத்திருப்பவன் ஆக்குகிறது. நம் நவீனச் சிறுகதை என்ன செய்தது? அதே படத்தைத் திருப்பி மாட்டியது. லாட்ஜ் அறையில் தனியாகப் படுத்துச் சிகரெட் பிடிக்கிறவனுக்குத் தரிசனம் கிடைக்கிறது. கல்யாணமானவனுக்குப் பால் கார்டும் இன்க்ரிமென்டும் கிடைக்கின்றன. 'அவள் கேட்டது தக்காளி விலை. நான் பார்த்துக்கொண்டிருந்தது சூன்யத்தை' என்கிற ரீதியில் எத்தனை கதைகள் வந்திருக்கின்றன, ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். தக்காளி விலை கேட்பவள் ஏன் கேட்கிறாள் என்று யோசிக்க அந்தக் கதைக்கு நேரமில்லை. காரணத்தை வெட்டிவிட்டுக் காரியத்தைக் காட்டுகிற அதே தந்திரம். டெலிவிஷன் அதற்குச் சிரிப்பொலி போடுகிறது. நாம் மௌனம் போட்டு அதை இருத்தலியல் என்கிறோம். அந்த மனைவிக்கு இரண்டு இடத்திலும் ஒரே வேஷம். அறிவாளிகள் பார்க்கிறார்கள் என்பதற்காக அவளுக்கு இங்கே ஒரு சலுகையும் கிடைக்கவில்லை.

நம் லாட்ஜ் நாயகன் மட்டும் என்ன? அவனும் காத்திருப்பவன்தான். அவனுக்குச் சாப்பாடு யார் போடுகிறார்கள், சட்டையை யார் துவைக்கிறார்கள், ஊரில் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கதை கேட்பதில்லை. டெலிவிஷனில் அவன் பிறர் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறக்கிறான், கதையிலோ பசியே எடுக்காது. தனியாக வாழ்வது ஒரு வாழ்க்கை. அதற்கு அடுப்பு, ஜுரம், வாடகை, 'குடும்பத்துக்கு மட்டும்தான் விடுவோம்' என்கிற வீட்டுக்காரர், பண்டிகை நாளின் மத்தியானம் எல்லாம் உண்டு. இந்த விவரங்களை இரண்டு தரப்பும் எழுதவில்லை.

எழுதினவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், அவர்களைத்தான் நாம் அளவுகோலாக வைத்திருக்க வேண்டும். புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. ஜவுளிக்கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளையும் சீக்காளி மனைவியும் பட்டணத்து ஓரத்தில் வாழும் கல்யாணம். அதில் சண்டையும் இல்லை, வசனத்தில் காதலும் இல்லை. வெந்நீர் வைப்பதும் கால் பிடித்து விடுவதும் இருக்கின்றன. முடிவில் பிணத்தின் அருகே அவர் உட்கார்ந்திருக்கும்போது பல வருஷங்கள் கூடவே உட்கார்ந்திருக்கின்றன. அசோகமித்திரனின் 'தண்ணீர்'. ஜமுனா தனியாள். டீச்சரம்மா கல்யாணமானவள். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படவும் இல்லை, பரிகாசம் செய்யவும் இல்லை. குடத்தோடு அலைகிற தெருவில், மணமானவள் தன் கல்யாணத்தின் குரூரத்தைத் தனியாக நிற்கிறவளுக்குச் சொல்கிறாள். அதைக் கேட்ட பின் ஜமுனாவுக்குச் சாவது அவ்வளவு சுலபமான யோசனையாகத் தெரிவதில்லை. கல்யாணமும் தனிமையும் ஒன்றுக்கொன்று புத்தி சொல்லாமல் பேசிக்கொண்ட அபூர்வமான இடம் அது. பெண்கள் எழுதவந்த பிறகு, அம்பையிடம், இந்தப் பேச்சு இன்னும் தூரம் போயிற்று. அதைப் 'பெண் எழுத்து' என்று ஒரு தனி அலமாரியில் வைத்துவிட்டு நாம் மறுபடி லாட்ஜுக்குப் போய்ப் படுத்துக்கொண்டோம்.

8

2022 வாக்கில் பிரசார் பாரதி தன் பழைய தரைவழி ஒளிபரப்பை அநேகமாக எல்லா ஊரிலும் நிறுத்திவிட்டது. மொட்டைமாடி ஆன்டெனாக்கள் காக்கை உட்காருகிற கம்பிகளாயின. தொடர் கைக்குள்ளிருக்கும் பெட்டிக்கு மாறிவிட்டது. 'ரமணி வெர்ஸஸ் ரமணி'கூட அங்கே மறுபடி வந்தது. இப்போது ஒரே வீட்டில் கணவன் ஓர் ஓரத்திலும் மனைவி ஓர் ஓரத்திலும் தனித்தனியாக, காதில் செருகிக்கொண்டு, கல்யாண ஜோக்கைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பார்க்கிறவர்கள் இருவரும் ஒண்டிக்கட்டைகள். பார்க்கப்படுவது பூரிக்கட்டை. இதைவிடக் கூர்மையான ஹாஸ்யத்தை எந்தத் தொடரும் எழுதவில்லை. எழுதாது. அதற்கு வேண்டிய ஞாபகம் அதனிடம் இல்லை.

டெலிவிஷனைத் திருத்த நான் மனுப்போடவில்லை. அதற்கு எஜமானர்கள் இருக்கிறார்கள், கணக்குப் புத்தகம் இருக்கிறது. நமக்கு எஜமானர்கள் இல்லை. முந்நூறு பிரதி அச்சடித்து நூற்றைம்பதைத் தபாலில் அனுப்புகிற நமக்கு, பொய் சொன்னால் லாபமும் இல்லை. அப்படியிருந்தும் அதே பொய்யைச் சொல்கிறோம் என்றால் அதற்குக் காரணம் வியாபாரம் அல்ல, சோம்பல். செவ்வாய்க்கிழமை நடந்தது புதன்கிழமையும் ஞாபகமிருக்கிற ஒரு தம்பதியை எழுதுங்கள். கிழவியாகாமல், மெழுகுவத்தியாகாமல் தன் அறைக்குத் தானே பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போகிற ஒரு பெண்ணை எழுதுங்கள். அடுத்த இதழுக்கு வருகிற கதைகளில் லாட்ஜ் அறையும் தக்காளி விலையும் சேர்ந்து வந்தால், அதை டெலிவிஷன் கம்பெனிக்கு அனுப்பிவிடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே பணமாவது கிடைக்கும்.